பன்னிரண்டு தேமாவும் ஆறு கோவேறு கழுதையும்

வியாழன், பிற்பகல் 2.15. கோலாலம்பூரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் எட்டு மலேசிய வெள்ளி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு கைப்பெட்டி, ஒரு குடை, இருபத்திரண்டு ஆண்டுப் பழைய முகவரி ஒன்று. இந்த ஊருக்கு வருகிறவர்கள் மின்மினிப் பூச்சி பார்க்க வருவார்கள், கடல் மீன் சாப்பிட வருவார்கள். நான் வந்தது ஒரே ஒரு கிரேக்கச் சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ள.

சிரிக்க வேண்டாம். அந்தச் சொல்லில்தான் என் பிழைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சரித்திரப் பேராசிரியை. பிறந்தது தூத்துக்குடி, வேலை இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில். என் பாடம் பைசாந்தியம். மேற்கே ரோமாபுரி வீழ்ந்த பிறகும் கான்ஸ்டான்டினோப்பிளைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த கிழக்கு ரோம அரசு அது. அங்கிருந்து கருங்கடலைத் தொட்டு பாரசீகம், நடு ஆசியா என்று போன கழுதைப் பாதைகளும் குதிரைப் பாதைகளும் எனக்கு மனப்பாடம். "இதனால் என்ன பிரயோசனம்?" என்று என் கல்யாணப் பந்தியில் சித்தப்பா ஒருவர் கேட்டார். எனக்கு அறுபது நெருங்குகிறது; இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பைசாந்தியத்தின் ராணுவ மாகாணத்துக்குக் கிரேக்கத்தில் 'தேமா' என்று பெயர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவு மடத்தின் நூலகத்தில், பழைய சுங்கச்சாவடிக் குறிப்பேடு ஒன்றில், 'சிறு தேமா பன்னிரண்டு, கோவேறு கழுதை ஆறு, ஆள் இரண்டு' என்று ஒரு வரி கிடைத்தது. யாரும் அறியாத பன்னிரண்டு குட்டி மாகாணங்கள் கருங்கடல் எல்லையில் இருந்தன, அவை சேர்ந்து சாவடிக்கு ஆறு கழுதைகளை அனுப்பின என்று நான் எழுதினேன். அந்த ஒரு வரி எனக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்தது, புத்தகம் ஆயிற்று, வேலையாயிற்று, கடைசியில் பேராசிரியர் நாற்காலியும் ஆயிற்று. மற்றவர்களின் வரைபடங்களில்கூட என் பன்னிரண்டு மாகாணங்கள் புள்ளிகளாக ஏறிவிட்டன.

மூன்று வாரத்துக்கு முன் ஓர் இளம் ஆய்வாளரிடமிருந்து கடிதம் வந்தது. மிகப் பணிவான கடிதம். பணிவுதான் என்னைப் பயமுறுத்தியது. கிரேக்கத்தில் கட்டு, மூட்டை என்று பொருள்படும் இன்னொரு சொல் உண்டு. முதல் ஒலியைத் தவிர எல்லாம் தேமா போலவே ஒலிக்கும். என் வரியில் இருந்தது அதுவாக இருக்கலாமா என்று கேட்டிருந்தார். இருக்கலாம்தான். மூல ஏட்டைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். ஆனால் நாங்கள் பார்த்த சில ஆண்டுகளிலேயே அந்த நூலகத்தின் கூரை ஒழுகி, அந்த ஏடு அடை போல ஒட்டிக் கட்டியாகிவிட்டது. என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகத் தயாராக நின்றது. திங்கட்கிழமைக்குள் நான் ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும். என்னைத் தவிர அந்த வரியைக் கண்ணால் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான்: இந்த வட்டாரத்து எஸ்டேட் தோட்டத்தில் பிறந்த பிலோமினா.

மாலை 5.30. விடுதிக்கு ஓர் இரவுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி. பெட்டியைப் போட்டுவிட்டு மெலாவாத்தி குன்றில் ஏறினேன். மேலே கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், வெள்ளி நிற மயிர் கொண்ட குரங்குகள். ஒரு குரங்கு வந்து என் குடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது உதவாது என்பதுபோலத் திருப்பி விட்டது. கீழே சிலாங்கூர் ஆறு பழுப்பாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

உட்கார்ந்து பழைய கதையை அசைபோட்டேன். நானும் பிலோவும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு சேர்ந்த மாணவிகள். பழைய கையெழுத்தைப் படிப்பதில் அவளுக்கு ஈடு எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. புழு தின்ற எழுத்தைக்கூட 'இது இதுதான் லா' என்று தன் ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள், சரியாகவும் இருக்கும். அந்த மடத்து நூலகத்தில் குறிப்பு எடுக்கலாம், ஆனால் ஏட்டை அப்படியே படியெடுக்கக் கூடாது என்று விதி. நூலகர் எங்கள் தாள்களை மாலையில் வாங்கிப் பார்ப்பார். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தோம். பிலோ கிரேக்கத்தைக் காதோரம் கிசுகிசுப்பாள். நான் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். நூலகர் தாளைப் பார்த்து, உங்கள் நாட்டு எழுத்து அழகு என்று பாராட்டி அனுப்பிவிடுவார்.

திருட்டுக்குத் தண்டனை இப்போதுதான் வந்திருக்கிறது. மாகாணத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி ஏறக்குறைய 'தங்கம்' என்பதில் வரும் வன்மையான த. கட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி 'மாதம்' என்பதில் வரும் மெல்லிய த. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. போதாக்குறைக்குக் கிசுகிசுப்பில் மென்மையும் வன்மையும் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்தில் யாப்பு வாய்பாடாகத் தேமா, புளிமா என்று ஒப்பித்த கை, யோசிக்காமல் 'தேமா' என்று எழுதிவிட்டது. வேறு எந்த நாட்டு மாணவியும் இப்படி ஒரு பிழையைச் செய்திருக்க முடியாது.

அவளோ படிப்பை முடிக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவள் திரும்பவே இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் புத்தகத்தின் முன்னுரையில் நன்றிப் பட்டியலில் அவள் பெயர் பதினோராவது. அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. புத்தகம் வந்த புதிதில் ஒரு முறை எழுதிக்கொண்டோம், பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். இப்போது காரியம் ஆக வேண்டும் என்றதும் விமானம் ஏறி வந்து நிற்கிறேன். கதவைச் சாத்தினாலும் தப்பில்லை என்று தோன்றியது.

வெள்ளி, காலை 7.30. விடுதிக்காரர் சொல்லி அனுப்பிய வாடகைக் கார் வந்தது. விடுதியைக் காலி செய்து பெட்டியோடு ஏறினேன். நாள் முழுக்க நூற்றெண்பது வெள்ளி. ஓட்டுநர் சேகருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவராம்.

"பசியாறிட்டீங்களாக்கா? மின்மினிக்கா போறோம்? கம்போங் குவாந்தானுக்கு இப்ப போனா ஒண்ணும் தெரியாது. பொழுது சாஞ்சுதான் படகு."

"மின்மினி வேண்டாம் தம்பி. ஈஜோக் பக்கம் ஹேசல்டீன் தோட்டம் போகணும்."

"மின்மினி வேணாமா?" என்று அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. "ஹேசல்டீனா? நான் இந்தச் சடக்குல முப்பது வருசம் லோரி ஓட்டியிருக்கேன். அப்படி ஒரு தோட்டத்த நான் கேள்விப்பட்டதே இல்லியே."

காலை 8.20. கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சாலையின் இரு பக்கமும் செம்பனை. நடுநடுவே நாலு வீடு, ஒரு சின்னக் கோயில், ஒரு பள்ளிவாசல், மறுபடி செம்பனை. ஈஜோக்கில் ஓர் ஒட்டுக்கடையில் நிறுத்தினோம். தோசை இரண்டு வெள்ளி, தே தாரே என்னும் ஆற்றிய தேநீர் ஒரு வெள்ளி எண்பது காசு. கடைக்கார அம்மாவிடம் ஹேசல்டீன் என்றேன், உதட்டைப் பிதுக்கினார். முகவரித் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஆபீஸ் கிராணி கணக்குல எழுதுன பேரு வேறயா இருக்கும், நம்ம சனம் சொன்ன பேரு வேறயா இருக்கும்க்கா," என்றார் சேகர். "ஆளு பேரச் சொல்லுங்க."

"பிலோமினா. பள்ளிக்கூட டீச்சர். இங்கிலாந்தில் படித்தவர்."

கடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பிலோ டீச்சரா! அட, எரிஞ்ச கொட்டாய்த் தோட்டம்னு சொல்லுங்க! அத வித்து, லயத்து வீட்டையெல்லாம் ஒடச்சு, சனமெல்லாம் வெளியாயிருச்சே. என் மவளுக்கு செஜாரா பாடம் அவங்கதான் லா. ரிட்டயர் ஆயி இப்ப ராசா டவுன்ல இருக்காங்க. ரயில் ஸ்டேசன் பக்கத்துத் தாமான்." கையோடு கைப்பேசியில் தன் மகளைக் கூப்பிட்டு வீட்டு எண்ணையும் வாங்கிக் கொடுத்தார். தோசைக்குக் காசு வாங்க மறுத்தார். சேகர் வைத்துவிட்டு வந்தார்.

செஜாரா என்றால் மலாயில் சரித்திரம். பிலோ சரித்திரத்தை விடவில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது. தோட்டத்தின் கதைதான் எங்கள் துறையின் கதையும். பைசாந்தியம் என்று அந்த நாட்டு மக்கள் ஒருநாளும் தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. ரோமர் என்றுதான் சொன்னார்கள். பைசாந்தியம் பின்னால் வந்த படிப்பாளிகள் வைத்த பெயர். கிராணி எழுதிய பெயரை வைத்துக்கொண்டுதான் நானும் இருபது ஆண்டுக்கு மேலாகச் சம்பளம் வாங்குகிறேன்.

காலை 9.30. ராசாவுக்கு ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும் என்றார் சேகர். பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனோம். அந்த ஊரையும் அவர் பழைய பெயரில் பத்தாங் பெர்சுந்தை என்றுதான் சொன்னார். வழியில் என் வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன். செத்துப் போன ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கச் சம்பளமா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு, எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்டினால் தேவலை போல இருந்தது. 'சிறு தேமா பன்னிரண்டு, கோவேறு கழுதை ஆறு, ஆள் இரண்டு' என்று வரியைச் சொல்லி, அது மாகாணமா மூட்டையா என்பதுதான் வழக்கு என்றேன்.

எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கூடை கட்டி, செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

"பன்னெண்டு மூட்ட, ஆறு கழுத. ஒரு கழுதைக்கு ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு," என்றார். "ரெண்டு பக்கமும் ஒரே கனம் இல்லன்னா சாஞ்சிரும் லா. இதுல என்னக்கா வழக்கு?"

இருபத்தாறு ஆண்டில் எத்தனை கருத்தரங்கு, எத்தனை அறிஞர்கள், எத்தனை அடிக்குறிப்புகள். பன்னிரண்டை ஆறால் வகுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றக் கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேனோ என்று பயமாக இருந்தது. காரைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் சேகரின் கணக்கு கணக்குதானே தவிரச் சான்று ஆகாது. ஏட்டில் என்ன எழுத்து இருந்தது என்று பார்த்தவள் சொன்னால்தான் உண்டு.

காலை 10.50. ராசா சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், பின்னால் நீலமாக மலைத்தொடர். மலாயில் ராசா என்றால் ருசி என்றார் சேகர். நம் ஊரில் பிள்ளையைக் கொஞ்சும்போது சொல்வது என்றேன். தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது வரிசையில், வீட்டு முன் கார் நிறுத்தும் இடத்தை ஒரு பெண்மணி ரப்பர் குழாயால் கழுவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். குழாயை மூடவில்லை, தண்ணீர் என் செருப்பு வரை வந்தது.

"மல்லி," என்றாள்.

"பிலோ."

"போன் இல்லியா உங்க ஊர்ல? வரேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா லா?"

"நம்பர் இல்லை. இருந்திருந்தாலும் பயத்தில் பண்ணியிருக்க மாட்டேன்."

"பயமா? உனக்கா?" அவள் குழாயை மூடினாள். "உள்ள வா. டிரைவரண்ணே, நீங்களும் வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

சேகர் என் பெட்டியை இறக்கிவைத்து, வாடகையை வாங்கிக்கொண்டு, மீன் வாங்கப் போகிறேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று கிளம்பிவிட்டார். போகும்போது, மூட்டைதான், பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நண்பகல் 12.00. கோப்பி குடித்தோம். அவள் கணவர் இறந்து நாலு ஆண்டு; மகன் பினாங்கில் வேலை. மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறாள். நான் சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு வந்த? அதச் சொல்லு," என்றாள். சொன்னேன். இளம் ஆய்வாளரின் கடிதத்தையும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். மடித்து மேசையில் வைத்தாள். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"இத ஒரு புள்ள எழுதினா ஏரோப்ளேன் ஏறி வர. நான் எழுதினப்ப என்னா செஞ்ச?"

"நீ எப்போது எழுதினாய்?"

"பொஸ்தகம் வந்தப்ப! அட்டை போட்டேன்ல? மாகாணம் இல்லடி, மூட்டைன்னு எழுதினேன்ல? அதுக்கு நீ என்னா பதில் போட்ட? 'நன்றி, இனிப்பாக இருந்தது.' அவ்வளவுதான். நான் படிச்சு முடிக்கல, நீ பெரிய ஆளாயிட்ட, அதான் நக்கல் பண்றன்னு நினச்சுக்கிட்டேன். ஒரு வாரம் சோறு எறங்கல எனக்கு."

அவள் போட்ட அஞ்சலட்டை எனக்கு நினைவில்லாமல் இல்லை. அது எங்கள் வீட்டில் கிரேக்க அகராதிக்குள் இருக்கிறது. பாராட்டு என்று பத்திரப்படுத்தியது. அதில் மூட்டை என்ற சொல்லே கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம்: 'புத்தகம் கிடைத்தது. ரொம்பச் சந்தோசம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அது தேமா இல்லடி, தேமா. யோசித்துப் பார்.'

"நீ மூட்டை என்று எழுதவில்லை பிலோ. 'அது தேமா இல்லடி, தேமா' என்று எழுதினாய்."

"ஆமா! அது தேமா இல்ல, தேமா!" வாயால் சொல்லும்போது இரண்டுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் இருந்தது. முதல் சொல்லில் நாக்கு பல்லில் அழுந்திற்று. இரண்டாவதில் தேன் மாதிரி வழுக்கிற்று.

"எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே. தேமா என்றால் தமிழில் இனிப்பு மாம்பழம். 'நீ எழுதியது வெறும் மாகாணம் இல்லடி, தித்திக்கிற மாம்பழம்' என்று என்னைப் பாராட்டுகிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் இனிப்பாக இருந்தது என்று எழுதினேன்."

பிலோ என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாயிற்று. "மாதாவே! நான் தமிழ்லயா எழுதினேன்? தோழிக்கு எழுதறோமேன்னு ஆசையாத் தமிழ்ல எழுதினேன் லா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. இருபத்திரண்டு ஆண்டாக அவள் என்னை அகம்பாவக்காரி என்று நினைத்திருக்கிறாள். நான் அவளை என்னை மறந்துவிட்டவள் என்று நினைத்திருக்கிறேன். இரண்டும் இல்லை என்று தெரிந்தபோது ஏற்பட்ட நிம்மதியை நான் முன்பு அனுபவித்ததில்லை. அந்த நேரத்தில் மாகாணமும் மூட்டையும் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டன.

பிற்பகல் 1.30. அரிசிச் சோறு, கிழங்கான் மீன் குழம்பு, கங்கோங் கீரை. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் உள்ளே போய் ஒரு பள்ளி நோட்டைக் கொண்டுவந்தாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடு அச்சிட்டிருந்தது. தீவில் தங்கியிருந்த நாட்களில் ஒவ்வொரு மாலையும், நான் தூங்கிய பிறகு, அன்று படித்ததை நினைவிலிருந்து அவள் தனியாக எழுதி வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியவே தெரியாது. எழுதியது தமிழ் எழுத்தில் அல்ல. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை தமிழ், பிறகு எல்லாம் மலாய். படிப்பு என்றால் கை தானாக ரூமி எழுத்தில்தான் போகும் என்றாள்.

ஆங்கில எழுத்து என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்கள் ரூமி என்பார்கள். ரோமாபுரியின் எழுத்து என்று பொருள். கிழக்கே அரபியரும் பாரசீகரும் என் பைசாந்தியத்தை 'ரூம்' என்றுதான் அழைத்தார்கள். இத்தனை ஆண்டு ரூம் நாட்டைப் படித்தும் ரூமியில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

அவள் விரலால் ஒரு வரியைக் காட்டினாள். சொல்லின் முதல் எழுத்து டி. எந்த டி என்று நீங்கள் கேட்பீர்கள். பாருங்கள், இங்கேயும் நம் எழுத்து கைவிடுகிறது. சிலுவை போல நிற்கும் டி ஒன்று உண்டு, பின்பக்கம் தொந்தி தள்ளிய டி ஒன்று உண்டு. இது தொந்தி தள்ளிய டி. மெல்லிய ஒலி. மூட்டை. நாலு பக்கம் தள்ளி, உண்மையிலேயே மாகாணம் ஒன்று வரும் இடத்தில், சிலுவை டி போட்டு எழுதியிருந்தாள். அவள் இரண்டையும் குழப்பவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அவ்வளவுதான் உன் பன்னெண்டு மாகாணமும்," என்றாள் பிலோ. "கோவமா?"

நானும் அதற்காகக் காத்திருந்தேன். கோபமோ துக்கமோ வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து கேள்வி கேட்பதற்கு முன் என் நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். அதை நான் மேடைக் கூச்சம் என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அது மேடைக் கூச்சம் இல்லை என்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. இனி அடித்துக்கொள்ளத் தேவையில்லை. காய்ச்சல் விட்டவள் போல உடம்பு லேசாக இருந்தது.

"அடுத்த வரியப் பாரு," என்றாள். அந்த வரி என் குறிப்பில் இல்லை. அவள் அதைப் படித்து எனக்குச் சொல்வதற்குள் மணியடித்து எங்களை எழுப்பிவிட்டார்கள். 'உள்ளே மெழுகு' என்று இருந்தது. பன்னிரண்டு கட்டு மெழுகு, ஆறு கழுதை, இரண்டு ஆள், ஒரு மலைப்பாதை. என் மாகாணங்களில் ஒரு மனிதரும் நடமாடியதில்லை. இந்த வரியில் இரண்டு பேர் கழுதைகளை அதட்டிக்கொண்டு நடந்து போகிறார்கள். நான் எழுதியிருக்க வேண்டிய சரித்திரம் அதுதான் என்று அவளிடமே சொன்னேன்.

மாலை 4.00. பிலோவின் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிப்பகத்துக்கு: மூன்றாம் அத்தியாயத்தை நீக்கிவிடுங்கள், புதிய அத்தியாயம் வரும், அதை இருவர் எழுதுகிறோம். இளம் ஆய்வாளருக்கு: நீங்கள் சொன்னது சரி. இரண்டாவதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. என் போன்ற ஒருவரைக் கேள்வி கேட்டதால் இனி வேலையே கிடைக்காது என்று மூன்று வாரமாகத் தூங்கவில்லையாம், பாவம். அவர் பெயரையும் முன்னுரையில் முதல் வரியில் போடுவதாக எழுதினேன்.

"என் பேர எத்தனாவதாப் போடுவ?" என்றாள் பிலோ, பாத்திரம் துலக்கிக்கொண்டே. பதினொன்றை அவள் எண்ணியிருக்கிறாள்.

"புத்தக அட்டையிலேயே போடுகிறேன். உன் பெயர் முதலில்."

"ஒண்ணும் வேணாம் போ," என்றாள். கொஞ்சம் கழித்து, "முழுப் பேராப் போடு," என்றாள். அன்று இரவு அவள் வீட்டிலேயே தங்கினேன்.

சனி, காலை 9.20. ராசா ரயில் நிலையம். கோலாலம்பூருக்குக் கட்டணம் ஆறு வெள்ளி சொச்சம், ஒன்றரை மணி நேரம். பிலோ நடைமேடை வரை வந்து, வழிக்கு வாழைப்பழப் பலகாரம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். வண்டியில் ஐந்தாறு பேர்தான். பத்தாங் காலி, செரண்டா, ரவாங் என்று ஊர்கள் வந்து போயின. அங்கே என் பல்கலைக்கழக அறைச் சுவரில் பன்னிரண்டு புள்ளி வைத்த பெரிய வரைபடம் தொங்குகிறது. ஜன்னல் வழியாக மழையும் கார் நிறுத்துமிடமும் மட்டும் தெரியும் அறை. போனதும் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டும். சுவர் கொஞ்ச நாள் மொட்டையாக இருக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. தூத்துக்குடிச் சித்தப்பாவுக்கும் இப்போது ஏதாவது பதில் சொல்லலாம் போலிருக்கிறது.

சுங்கை பூலோ தாண்டும்போது கைப்பேசியில் பிலோவின் செய்தி வந்தது. பேச்சு தமிழ், எழுத்து முழுக்க ரூமி. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. நம் எழுத்தில் தருகிறேன்:

'இனிமே உனக்கு எல்லாம் இப்படித்தான் எழுதுவேன். கஷ்டப்பட்டுப் படி. இன்னொரு இருபத்திரண்டு வருசம் கோவிச்சுக்கிட்டு இருக்க எனக்கு வயசு இல்ல லா.'